கூட்டமில்லாத, செலவில்லாத அருங்காட்சியகம்: பிள்ளைகளோடு போனவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருச்சியில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. மாமியாருக்கு 74. அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அந்த வலி இரண்டு மடங்காகிவிடும் என்பதால் அவரும் வருவார்.

போன விடுமுறையில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போனோம். பிள்ளைகள் விளையாடும் பகுதியில் ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் பணம் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம், தீர்ந்தது, மறுபடி ஏற்றினோம். சாப்பாட்டையும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் 2,700 ரூபாய் போனது. வெளியே வந்ததும் மகன் கேட்டான்: "அவ்வளவுதானா?" மாமியார் வழி நெடுக, "அம்மஞ்சல்லி பெறாத ஆட்டத்துக்கு இவ்வளவு பணமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தக் காலாண்டு விடுமுறையில் அந்தத் தவற்றைச் செய்யப் போவதில்லை. டிக்கெட் இல்லாத, அல்லது ஐந்து பத்து ரூபாயில் முடிகிற, அதிகம் பேர் போகாத அருங்காட்சியகம் ஏதாவது சொல்லுங்கள். எழும்பூரும் கீழடியும் தெரியும், அவை வேண்டாம். போனவர்கள் மட்டும் எழுதினால் நல்லது.

வடக்குமாசி

மதுரைக்காரன். எங்கள் ஊரில் எல்லோரும் மீனாட்சி அம்மன் கோயிலையும் மகாலையும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடமே ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை. 1959இல் நேரு வந்து திறந்துவைத்தார். அனுமதி இலவசம். அரசு அருங்காட்சியகமும் அதே வளாகத்திலேயே இருக்கிறது.

உள்ளே விடுதலைப் போராட்ட வரலாறு சுவர் சுவராக ஓடும். அதை முழுக்க வாசிக்க வைக்காதீர்கள், பிள்ளைகள் பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் ஓர் அறையில், 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி இரத்தக் கறையோடு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. என் மகள் அதுவரை கைப்பிடிச் சுவரில் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள், அங்கே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது நிஜமா?" என்று கேட்டாள். நிஜம் என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

காந்தி மேல்சட்டையைத் துறந்து அரை ஆடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது. அந்த உடையை அவர் ஏற்றுக்கொண்டதும் எங்கள் ஊர். அந்த உடையின் கடைசித் துண்டு வந்து சேர்ந்ததும் எங்கள் ஊர். பிறந்ததிலிருந்து மதுரையில் இருக்கும் எனக்கே இது அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

உங்கள் 6 வயதுக்காரனுக்கு அந்த அறை வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சந்தேகப்பேர்வழி

எல்லோரும் பாராட்டுவீர்கள் என்று தெரிந்துதான் வந்தேன். ஒரு மாவட்டத் தலைநகர் அருங்காட்சியகத்துக்கு என் இரண்டு பையன்களோடு போன அனுபவம் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். முதல் முறை போனது வெள்ளிக்கிழமை. பூட்டு. இரண்டாவது முறை சனிக்கிழமை. அது இரண்டாம் சனி. மறுபடி பூட்டு. மூன்றாவது முறை உள்ளே போனோம், பாதி அறைகளில் விளக்கு எரியவில்லை. பாடம் செய்து வைத்த ஒரு பறவைக்கு ஒரு கண் இல்லை. கீழே பலகையில் "பறவை" என்று எழுதியிருந்தது. அது பறவை என்பது எங்களுக்கும் தெரியும்.

பெரியவன், "அப்பா, இதற்கா மூன்று தடவை வந்தோம்?" என்றான். பதில் இல்லை. கடற்கரைக்குப் போங்கள், அதுவும் இலவசம்தான், விளக்கும் தேவையில்லை.

பழைய வாத்தியார்

சந்தேகப்பேர்வழி சொல்வதில் பொய் இல்லை. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மாவட்டங்களில் பல இடங்களில் இரண்டாம் சனிக்கிழமையும் மூடியிருக்கும். குடும்பங்கள் கிளம்புகிற நாளாகப் பார்த்து மூடுவது என்ன நிர்வாகமோ, எனக்கும் விளங்கியதில்லை. 31 ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். அதில் முதல் பத்து ஆண்டுகள் நானும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, எல்லாப் பெட்டியையும் காட்டி, எல்லோருக்கும் கொட்டாவி வர வைத்தவன்தான்.

பிறகு ஒரு பையன் எனக்குப் பாடம் கற்பித்தான். தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களைப் பார்க்கக் கூட்டிப் போயிருந்தேன். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பையன் மட்டும் ஒரு கல்லை விட்டு நகரவில்லை. என்ன என்று கேட்டேன். "சார், என் நிழல் விழுந்தால் எழுத்து தெரிகிறது, விலகினால் மறைகிறது" என்றான். உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியாது. கையைக் குவித்து நேர் வெயிலை மறைத்து, பக்கவாட்டில் மட்டும் வெளிச்சம் வர விட்டால் பள்ளங்களில் நிழல் தேங்கும், எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டு படிப்பவர்கள் டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பதும் இதற்குத்தான். அந்தப் பையனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து நான் ஒரு அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்கு மேல் காட்டியதில்லை. மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அல்லது பார்க்க மாட்டார்கள். இரண்டும் நல்லதுதான்.

நடுகல் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. பக்கத்தில் ஒரு நாயும் நிற்கும். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரர்கள் நாம். இதைச் சொன்ன பிறகு எந்த நடுகல்லைப் பார்த்தாலும் பிள்ளைகள் முதலில் நாயைத்தான் தேடுவார்கள். தேடட்டும்.

பாலாற்றங்கரை

வாத்தியார் ஐயாவின் ஒரு பொருள் கணக்குக்கு வேலூரிலிருந்து ஒன்று.

கோட்டைக்கு எல்லோரும் வருகிறார்கள். அகழியைப் பார்த்து, ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டு, புல்வெளியில் புளியோதரை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருப்பதை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. அங்கே தந்தத்தாலான ஒரு சதுரங்கப் பலகை இருக்கிறது. கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனுடையது. 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, பிறகு குடும்பத்தோடு இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் அவன் நினைவிடம் இருக்கிறது.

என் தங்கை மகன் சதுரங்க வகுப்புக்குப் போகிறான். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கேட்டான்: "மாமா, சிறையில் யாரோடு விளையாடியிருப்பார்?" எனக்குத் தெரியவில்லை. ராணியோடா, காவலுக்கு இருந்த வெள்ளைக்காரனோடா? "வெள்ளைக்காரனோடு விளையாடியிருந்தால் அவனிடம் தோற்றிருக்கக் கூடாது" என்று அவனே முடிவும் சொல்லிவிட்டான். முத்து மண்டபத்துக்கும் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடித்து, அங்கே போய்க் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பத்து வயதுப் பையன் ஒரு சமாதிக்கு அடம் பிடித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நல்லூரடி

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், கண்டி அரசன் பெயரைக் கண்டதும் எழுத வேண்டியதாகிவிட்டது. அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். எங்களுடைய பாடப்புத்தகத்தில் அவரைப் பிடித்துக் கொண்டுபோன இடத்தோடு கதை முடிந்துவிடும். அதன்பிறகு பதினேழு வருடங்கள் அந்த மனிதர் என்ன செய்தார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சதுரங்கம் ஆடியிருக்கிறார் என்று இன்றுதான் அறிகிறேன். பாலாற்றங்கரைக்கு நன்றி.

நீங்கள் அருங்காட்சியகம் என்பதை நாங்கள் நூதனசாலை என்போம். நாவலர் வீதியில் எங்களுடைய தொல்பொருள் நூதனசாலை இருக்கிறது. உள்ளே போக ரிக்கெற் இல்லை, விரும்பினால் நன்கொடை போடலாம். வாசலில் கோட்டையிலிருந்து கொண்டுவந்த ஒல்லாந்தர் (நீங்கள் டச்சுக்காரர் என்பவர்கள்) பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடக்கும், பக்கத்தில் திமிங்கில எலும்பு. உள்ளே கந்தரோடையில் எடுத்த புத்தர் சிலைத் துண்டுகள் உண்டு. செவ்வாய்க்கிழமை பூட்டு. எங்களுக்கும் ஒரு பூட்டு நாள் உண்டு என்று சந்தேகப்பேர்வழிக்குச் சொல்லிவைக்கிறேன்.

என்னுடைய மகள் அந்தத் திமிங்கில எலும்பில் ஏறி இருக்கப் பார்த்தாள். அங்கிருந்த காவலாளி ஐயா கோபிக்கவில்லை. "பிள்ளை, அது உன்னைவிட மூப்பு, கேட்டுவிட்டு இரு" என்றார். அவள் உண்மையாகவே எலும்பிடம் கேட்டாள்.

சந்தேகப்பேர்வழி

சதுரங்கப் பலகை நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் கதையை முன்பே தெரிந்துகொண்டு போகிறீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. பலகையில் "பறவை" என்று போட்டால் எனக்குப் பறவைதான். தெரியாதவன் போனால் அந்த இடம் அவனோடு பேச வேண்டாமா? டிக்கெட் ஐந்து ரூபாயாகவோ இலவசமாகவோ இருந்துவிட்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

பழைய வாத்தியார்

கேட்க வேண்டும். இலவசம் என்றால் நாமே வாயை மூடிக்கொள்கிறோம், அதுதான் கோளாறு. கோயிலில் பொங்கல் உப்பாக இருந்தால் சொல்லத் தயங்குவது மாதிரி.

நீங்கள் போன இடத்தில் காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகப் பொறுப்பாளர், இருந்தாரா? அடுத்த முறை நேராக அவர் அறைக்குப் போய், "பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், ஒரே ஒரு பொருளைக் காட்டிச் சொல்வீர்களா" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலானோர் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். நாள் முழுக்க யாரும் ஒன்றும் கேட்காத மனிதர்கள் அவர்கள். வராதவர்களும் உண்டு, மறைக்கவில்லை.

கரிசல் மண்

கோவில்பட்டிப் பக்கம் வருகிறவர்களுக்கு. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு நினைவில்லம். காசு கிடையாது. மணிமண்டபமும் அதே ஊரில்தான், கல்கி பணம் திரட்டி, 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தது. வீடு சின்னது, அரை மணி போதும். பாரதியின் பெயரைக் கேட்டதும் ஒரு மலை மாதிரி கற்பனை செய்திருந்த என் மகனுக்கு அந்த வீட்டின் அளவுதான் ஆச்சரியம். "நம் வீட்டை விடச் சின்னதா இருக்கிறதே" என்று இரண்டு தடவை அளந்து பார்த்தான்.

அப்படியே கழுகுமலைக்குப் போய் வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்டுப் போன கோயில். ஏன் விட்டார்கள் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள், ஆளுக்கொரு கதை வரும். திரும்பும்போது கடலை மிட்டாய் வாங்காமல் வந்தால் கோவில்பட்டி பஸ் உங்களை ஏற்றாது.

பட்டணத்தான்

சென்னைக்கு இரண்டே வரி. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையுடையது. 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது, பெரியவர்களுக்கு மட்டும்தான். 1947 ஆகஸ்டு 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி அங்கே இருக்கிறது. பள்ளியில் வருடா வருடம் கொடி ஏற்றுகிற பிள்ளைகளுக்கு, முதல் கொடியே கண் முன்னால் இருக்கிறது என்று சொன்னால் போதும். இதற்கும் வெள்ளி விடுமுறை.

தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. முதலமைச்சராக இருந்தவர் 1975இல் கண் மூடியது அந்த வீட்டில்தான். அது சொந்த வீடும் இல்லை. பக்கத்தில் துணி வாங்க வருகிறவர்கள் லட்சம் பேர், உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் விரல் விட்டு எண்ணலாம்.

சந்தைப்பேட்டை

காமராசர் வீட்டைப் பற்றிப் பேசினால் இப்போது இருக்கிறவர்களின் வீடுகளைப் பற்றியும் பேச வேண்டும்…

நெறியாளர்

அதை வேறு இழையில் பேசலாம். இங்கே அருங்காட்சியகம் மட்டும்.

கல்மரம்

திருச்சி என்கிறீர்கள், யாரும் சாத்தனூரைச் சொல்லவில்லையே! பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். சுவர் இல்லாத அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நேற்று வெட்டிப் போட்ட மரம். வயது 12 கோடி ஆண்டுகள்.

நான் கற்களோடு வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் கூடுதலாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடல். ஆற்றில் அடித்து வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மரம் இருந்த இடத்தில் கல்லாக உட்கார்ந்தது. அச்சு எடுத்தது மாதிரி. நார் ஓட்டம், கணு, பட்டையின் சொரசொரப்பு எல்லாம் அப்படியே இருக்கும், மரம் மட்டும் இருக்காது. 1940இல் இந்திய நிலவியல் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன்தான் இதை வெளி உலகுக்குச் சொன்னார்.

விழுப்புரம் பக்கம் என்றால் திருவக்கரை. அங்கே மரங்கள் நிறைய, வயது குறைவு, 2 கோடி ஆண்டு. "குறைவு" என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

சாத்தனூரில் நிழல் குறைவு. காலையிலேயே போங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். ஒரு துண்டுக் கல்லையும் எடுத்து வர விடாதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒன்று, எடுத்துக்கொண்டு போய்த்தான் பல இடங்களில் ஒன்றும் மிச்சமில்லை என்பது இன்னொன்று.

கொங்குத் தேன்

கோவையில் காஸ் வன அருங்காட்சியகம். ஆர்.எஸ். புரம் பக்கம், வனக் கல்லூரி வளாகத்துக்குள். 1902இல் தொடங்கியது. யானை எலும்புக்கூடு, மர வகைகள், வெட்டிய மரத்தின் வளையங்கள் என்று பழைய மணத்தோடு இருக்கும். எனக்குப் பிடித்தது அந்த மணம்தான், மரமும் வார்னிஷும். விடுமுறை நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

காவிரிக்கரை

இவ்வளவு பதில்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கோவிவன் கதைக்கு மகன் எழுந்து உட்கார்ந்தான்.

நடைமுறைக் கேள்விகள். கழிவறை இருக்குமா? உட்கார பெஞ்சு இருக்குமா? சாத்தனூருக்கு ஆசைதான், ஆனால் வெயிலும் முழங்காலும் ஒத்துப்போகாது. ஒரே பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், கூரையோடு ஏதாவது உண்டா?

பழைய வாத்தியார்

புதுக்கோட்டை, அம்மா. கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறோம். திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம், 1910இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் எழும்பூருக்கு அடுத்தபடி பெரியது இதுதான், ஆனாலும் யாரும் போவதில்லை. கல், செம்பு, செப்புத் திருமேனி, ஆயுதம், நாணயம், பறவை, விலங்கு என்று எல்லாம் கலந்து கிடக்கும். சித்தன்னவாசல் ஓவியங்களின் படியும் உண்டு. டிக்கெட் சில ரூபாய். பக்கத்திலேயே பிரகதாம்பாள் கோயில், குடைவரை. உங்கள் மாமியார் அங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம்.

தாய்வீடு

காவிரிக்கரைச் சகோதரிக்கு: டிக்கெட்டை விட பஸ்ஸும் சாப்பாடும்தான் செலவு, அதை யாரும் சொல்வதில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளியூர் பஸ்ஸுக்கு அது பொருந்தாது, மகனுக்கும் அரை டிக்கெட். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாதம் தாங்கும், தயிர்ச் சாதத்துக்குப் பால் கூடுதலாக ஊற்றிப் பிசையுங்கள், மதியம் புளிக்காது. கழிவறையை உள்ளே நுழைந்ததும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் வந்த பிறகு கேட்காதீர்கள். நான்கு பிள்ளைகள் வளர்த்த அனுபவம்.

சந்தேகப்பேர்வழி

நேற்று ஞாயிறு. அதே இடத்துக்கு நான்காவது முறை போனேன். பையன்கள் வரவில்லை என்றார்கள், சின்னவனைப் பலகாரம் காட்டி இழுத்துப் போனேன். விளக்கு இன்னும் எரியவில்லை. பறவைக்குக் கண் இன்னும் வரவில்லை.

ஆனால் டார்ச் கொண்டுபோயிருந்தேன். முற்றத்தில் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த கல்லில் சாய்த்து அடித்தோம். முதலில் ஒன்றும் இல்லை. சின்னவன் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்தான். வில் ஏந்திய கை ஒன்று தெரிந்தது, பிறகு முழங்கை, பிறகு ஆள். நாய் இல்லை. 40 நிமிடம் அந்த ஒரே கல்லில் இருந்தோம்.

என் கருத்து மாறவில்லை. நிர்வாகம் மோசம். விளக்கு, பலகை, விடுமுறை நாள் மூன்றைப் பற்றியும் மனு எழுதி வைத்திருக்கிறேன். வாத்தியார் ஐயா பிழை திருத்தித் தருவாரா?

பழைய வாத்தியார்

அனுப்புங்கள். "பறவை" விஷயத்தை முதல் பத்தியில் வையுங்கள்.

காவிரிக்கரை

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதப் போகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். புதுக்கோட்டை பேருந்து நிலையம் வரை போகாமல், நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி திருக்கோகர்ணத்தில் இறங்கினோம். உள்ளே எங்களைத் தவிர ஓர் இளம் தம்பதி மட்டும் இருந்தார்கள். மகன் பறவைகளிடம் ஓடினான், ஒவ்வொன்றின் அலகையும் பார்த்து அது என்ன சாப்பிடும் என்று சத்தமாக அறிவித்துக்கொண்டே போனான். பாதிக்கு மேல் "எலி" என்றான். மகள் ஆயுதங்களிடம் போய்விட்டாள். வாத்தியார் ஐயா சொன்ன ஒரு பொருள் விதியை எப்படிச் செயல்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

அந்த ஒரு பொருளை மாமியார்தான் கண்டுபிடித்தார்.

நாணயப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அவ்வளவு சின்னது எதுவும் தெரியாது, அதனால் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு செப்புக் காசு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். தேய்ந்து போய், முகம் ஒரு புள்ளி, கை ஒரு கோடு. "என்ன எழுதியிருக்கிறது, படி" என்றார். படித்தேன். புதுக்கோட்டை அம்மன் காசு.

"இதுதானா அது!"

என் மாமியார் கீரனூர்ப் பக்கத்தில் பிறந்தவர். திருமணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு முறையாவது "அம்மஞ்சல்லி பெறாது" என்பதை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். என் சமையல், அவர் மகனின் சம்பளம், பக்கத்து வீட்டு வாடகை, எல்லாவற்றுக்கும் அதே அளவுகோல். அந்தச் சல்லியை அவர் பார்த்ததில்லை. அவருடைய பாட்டி நவராத்திரிக்குப் புதுக்கோட்டை போய், அரிசியோடு சேர்த்துக் கொடுக்கும் காசை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாராம். "பாட்டி அதைச் செலவழிக்கவே மாட்டார், சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருப்பார், பிறகு எங்கே போனதோ" என்றார். இத்தனை வருடத்தில் இந்தக் கதையை எனக்குச் சொன்னதில்லை. என் கணவருக்கும் தெரியாது.

பிறகு அவருக்கு முழங்கால் ஞாபகமே வரவில்லை. மகனைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மகன், "இது எலி சாப்பிடுமா?" என்றான். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

மதியம் கோயில் மண்டபத்துக்கு வெளியே எலுமிச்சைச் சாதம். தாய்வீடு அக்கா, பால் ஊற்றிய தயிர்ச் சாதம் புளிக்கவே இல்லை, நன்றி. பஸ், டிக்கெட், இளநீர் எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது.

பழைய வாத்தியார்

அம்மா, அந்தக் காசின் மறுபக்கத்தையும் பார்த்தீர்களா? தெலுங்கு எழுத்தில் "விஜய" என்று இருக்கும். தமிழ் மண்ணில், தமிழ் பேசும் குடிகளுக்கு, தெலுங்கு எழுத்தில் காசு. நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்ததாக உங்கள் மாமியார் சொன்னது சரிதான். அணாவுக்கு 20 அம்மன் காசு.

காவிரிக்கரை

மறுபக்கத்தைக் கவனிக்கவில்லை ஐயா, அதற்காக இன்னொரு முறை போக வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

உங்கள் பதிலை மகள் வாசித்துவிட்டு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தாள். அணாவுக்கு 20 என்றால் ரூபாய்க்கு 320. வணிக வளாகத்தில் நாங்கள் செலவழித்த 2,700 ரூபாய், 8 லட்சத்து 64 ஆயிரம் அம்மஞ்சல்லியாம். மாமியார் அந்தத் தாளை வாங்கி மடித்து, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.